சோப்பு மணத்தோடு வந்த அப்பா

அந்தக் கோடை முழுவதும், அப்பாவுக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்று எங்கள் குடும்பம் நம்பியது. அம்மாவின் அண்ணனான மாமா அதைத் தீர்மானமாகவே சொன்னார். அம்மா வாய்விட்டுச் சொல்லாமல் நம்பினார். இன்னொரு வீடு என்றால் என்னவென்று முழுதாக விளங்காத வயதில் இருந்த எனக்கு, அதைக் கண்காணிக்கும் வேலை தரப்பட்டது.

என்னைப் போலவே மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடும் வயதுக்கு வந்துவிட்ட உங்களுக்கு, அந்த நாளில் லாரி டிரைவர் வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வழிக்கு ஒரு வீடு, வளைவுக்கு ஒரு பிள்ளை என்று சிரிப்பார்கள். மிஷன் பள்ளியில் பாடம் நடத்திய என் அம்மா, ஆசிரியர்களும் ஆஸ்பத்திரி ஊழியர்களும் நிறைந்த குடும்பத்திலிருந்து வந்து, ஒரு லாரி டிரைவரைத் திருமணம் செய்துகொண்டவர். சபைப் பாட்டுக்குழுவில் அம்மாவின் பக்கத்தில் நின்று பாடியவர் என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் அப்பாவிடம் மாமா கண்டதில்லை. அப்பா தவறு செய்வார் என்று மாமா பல ஆண்டுகளாகக் காத்திருந்தார் என்றுகூட இப்போது எனக்குத் தோன்றுகிறது. காத்திருப்பவர்களுக்கு ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

நாங்கள் வேலூரில், தோட்டப்பாளையத்தில், நெடுஞ்சாலைக்குக் கேட்கும் தொலைவில் குடியிருந்தோம். அப்பா சென்னை பெரியமேட்டில் உப்புத் தூவிய பச்சைத் தோல் ஏற்றி, அதைப் பதப்படுத்தும் ஆம்பூர் தோல் ஷாப்புகளில் இறக்குவார். பாரத்தோடு வேலூரைக் கடக்கும்போது வீட்டுப் பக்கம் வரமாட்டார். தெருமுனைக்கு நேராக ஹாரனை ஒரு நீளமும் ஒரு குட்டையுமாக அடித்துவிட்டுப் போவார். அது எனக்கான ஹாரன். ஆம்பூரில் இறக்கிவிட்டு, வெற்று லாரியோடு மாலையில் திரும்பி வந்து, ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வருவார். வண்டியின் முன்புறம் தொங்கும் கித்தான் தண்ணீர்ப் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். வெயிலில் ஓடிய வண்டியிலிருந்து வரும் அந்தத் தண்ணீர் எப்படி அவ்வளவு குளிர்ந்திருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். அப்படிப்பட்ட பை ஒன்றை இப்போது எங்கும் பார்க்க முடிவதில்லை.

தண்ணீருக்கு முன்பாக வாடை வந்து சேரும். உப்புத் தோலின் வாடையை இந்தப் பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்கு விளக்கினாலும் புரியாது. கசியும் உப்பு, பழங்கொழுப்பு, ஈரச் சாக்கு எல்லாம் கலந்து, மயிரிலும் நகக்கண்ணிலும் காதுக்குப் பின்னாலும் போய் ஒட்டிக்கொள்வது அது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பா முன்வாசல் வழியாக உள்ளே வரமாட்டார். பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்விடுவார். அங்கே செங்கல் அடுப்பின் மேல் ஒரு செம்பு அண்டாவில் தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கும். பள்ளியில் சேலை மடிப்புக் கலையாமல் நிற்கும் அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புளியும் சீயக்காயும் குழைத்து, பீர்க்கங்காய் நாரால் அப்பாவின் முதுகைத் தேய்ப்பார். அந்நேரம் நான் அங்கே போகக் கூடாது. ஆனால் சத்தம் கேட்கும்.

"மெதுவா தேய் டீச்சரம்மா, இது ஆட்டுத் தோலு இல்ல."

"ஆட்டுத் தோலா இருந்தா இந்நேரம் பளபளன்னு ஆயிருக்கும்."

அவர்கள் இருவரும் சிரித்துப் பேசும் இடம் அந்தப் பின்கட்டு ஒன்றுதான் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அந்த ஆண்டு மாசியில், ஆம்பூரில் தோல் இறக்கும்போது லாரியின் பின்பலகை கொக்கி கழன்று விழுந்து அப்பாவின் பிடரியில் இடித்தது. தலையில் கட்டோடு வந்தார். அம்மா பதறியபோது, "ஒன்னுமில்ல, பலகை முத்தம் குடுத்துச்சு" என்றார். சில நாள் தலைவலி இருந்தது. பிறகு கட்டை அவிழ்த்தார்கள். அத்துடன் அதை மறந்துவிட்டோம்.

ஈஸ்டர் அன்று மாமா காட்பாடியிலிருந்து விருந்துக்கு வந்தார். மாமா ஆஸ்பத்திரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கஞ்சி போட்ட சட்டையும் நான்காக மடித்த கைக்குட்டையும் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. ஆராதனைக்கு நேரமாகிவிட்டதால் அப்பா அன்று அவசரமாகத் தானே குளித்துவிட்டு வந்திருந்தார். இலையில் உட்கார்ந்ததும் மாமா கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இன்னா மாப்ள, பண்டிகையும் அதுவுமா லோடோட வந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து மெல்ல, "அடிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லியே" என்றார் அம்மா, பிரியாணியைப் பரிமாறியபடி. அடித்தது. எனக்கே அடித்தது. விருந்தாளி முன்னால் கணவரைக் கூச வைக்க விரும்பாத ஒரு பெண் வேறு என்ன சொல்வார்? அப்பா தன் முழங்கையை மூக்கருகே கொண்டுபோய் வைத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்ததன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் பயணத்தில்தான் அப்பா முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். தலைமயிர் ஈரமாகப் படிய வாரப்பட்டிருந்தது. சந்தன சோப்பின் மணம் கூடத்தில் பரவியது.

"தண்ணி காயுது. துண்டு வெச்சிருக்கேன்" என்றார் அம்மா.

"வேணாம். குளிச்சிட்டேன்."

"எங்க?"

"வழியில."

அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் நெடுநாள் கிடந்தது. அன்று அண்டாத் தண்ணீர் ஆறும்வரை அம்மா பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அதை வாளி வாளியாக முருங்கை மரத்துக்கு ஊற்றினார். அடுத்த பயணத்திலும் அதுவே நடந்தது. அதற்கடுத்ததிலும் அதுவே.

வேறு ஊரில் ஒரு மனைவி, கணவன் சுத்தமாக வீடு திரும்பினால் மகிழ்ந்திருப்பாள். எங்கள் ஊர்க் கணக்கு வேறு. தோல் வாடையோடு வருகிறவன் வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிறவன். மணத்தோடு வருகிறவன் நடுவில் எங்கோ இறங்கி, யாரோ எடுத்துக் கொடுத்த துண்டில் துவட்டிக்கொண்டு வருகிறவன். இதை யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும்.

அப்பாவின் பையைத் துவைக்க எடுத்தபோது ரோஜா நிறப் பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சிவப்புச் சோப்புதான். அம்மா அந்த டப்பாவைத் திறந்து பார்த்தார். சோப்பு பாதி தேய்ந்திருந்தது. மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கோடை அன்றே முடிந்திருக்கும். ஆனால் சந்தேகப்படுகிறவர்கள் கேட்பதில்லை, அவர்கள் சேகரிப்பார்கள்.

சேகரிக்க நிறையக் கிடைத்தது. அது மாம்பழக் காலம். குடியாத்தம் பக்கத்து மாம்பழங்களைக் காம்பில் மோந்து பார்த்து, எது இன்று, எது நாளை என்று பிரித்துத் தருவது அப்பாவின் வழக்கம். அந்த ஆண்டு அவர் வாங்கி வந்த பழங்களில் பாதி, வெளியே மஞ்சளும் உள்ளே அழுகலுமாக இருந்தன. "பார்த்து வாங்க மனசு எங்க இருந்துச்சோ" என்று அம்மா முணுமுணுத்தார். ஒரு நாள் முந்தின நாள் சாம்பார் ஊசிப் போயிருந்தது. நான் வாயில் வைத்ததும் துப்பினேன். அப்பா சோற்றில் பிசைந்து, ஊறுகாயை அள்ளி வைத்துக்கொண்டு, "நல்லா இருக்குது" என்று சாப்பிட்டு முடித்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சமையலில் ஒரு கல் உப்புக் கூடினாலும் கண்டுபிடித்துக் கேலி செய்கிற மனிதர், ஊசிப்போனதை நல்லா இருக்கிறது என்கிறார் என்றால், வயிறு வேறெங்கோ நிறைந்திருக்கிறது என்றுதானே பொருள்?

"வெளிய ருசி கண்டவனுக்கு வீட்டுச் சோறு எப்படி இருந்தா இன்னா" என்றார் மாமா, கேட்டதும்.

மாமா தாமும் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும்போது, மாதனூர் தாண்டி ஒரு டீக்கடை அருகே பஸ் நின்றிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். அப்பா தலை ஈரத்தோடு நின்றிருக்கிறார். டீக்கடைக்காரி, "தாலியறுத்தவ, வாயில வெத்தல", அவர் கழுத்தில் முகத்தை வைத்து மோந்தாளாம்.

"மோந்தாளா?" என்றார் அம்மா.

"என் கண்ணால பாத்தேம்மா. பட்டப் பகல்ல. நாலு பேரு டீ குடிக்கிற எடத்துல. இவரும் ஆடு மாதிரி கழுத்தைக் காட்டினு நிக்கிறாரு."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அந்த ஆடு மட்டும் கண்ணில் நின்றது.

அதன்பிறகுதான் எனக்கு வேலை வந்தது. அப்பா வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். என்ன மணம் என்று அம்மாவிடம் வந்து சொல்ல வேண்டும். அம்மா அதை வீட்டுப்பாடம் தருவதைப் போலச் சாதாரணக் குரலில் சொன்னார். நான் ஓடினேன். அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சட்டையில் முகத்தை வைத்து, நன்றாக இழுத்து மோந்தேன். அப்பா என் தலையைத் தூக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. தோளைப் பிடித்து மெல்ல விலக்கி, "கிட்ட வராத பாப்பா" என்றார்.

"சோப்பு வாசனை. அப்புறம் தள்ளி விட்டுட்டாரு" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"தள்ளி விட்டாரா?" என்ற அம்மாவின் முகம் அடுப்பு வெளிச்சத்தில் வேறாகத் தெரிந்தது.

அடுத்த முறை சோப்பு மணத்தோடு பவுடர் மணமும் சேர்ந்திருந்தது. மோந்தேன், சொன்னேன். அதற்கடுத்த முறை அப்பா தலைக்கு வாசனை எண்ணெய் தடவியிருந்தார். கடைசியில் ஒரு நாள் அத்தர் பூசிக்கொண்டு வந்தார். ஆம்பூர் பஜாரில் பாய் கடைகளில் சின்னக் குப்பிகளில் விற்பார்களே, அது. ஒரு துளி போதும் என்பார்கள். அப்பா குப்பியையே கவிழ்த்துக்கொண்டவர் போல வந்தார். தெருமுனையிலேயே மணம் வந்துவிட்டது. அண்டை வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "இன்னா டிரைவரே, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று கேட்டார். அப்பா குழம்பிப்போய், "ஏன், ஜாஸ்தியா?" என்று அவரையே கேட்டார்.

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் மாமா வந்து எல்லாவற்றையும் முடிவு செய்தார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அம்மாவும் நானும் காட்பாடிக்குப் போய்விட வேண்டும். எனக்கு அங்கே ஒரு பள்ளியில் இடம் பேசியாகிவிட்டது. போதகரிடம் மாமாவே பேசுவார். பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இனி எங்கள் வீடு. இந்தப் பக்கம் அப்பா. ஆற்றில் தண்ணீர் இருந்து நான் பார்த்ததில்லை, மணல்தான். ஆனால் அன்று அது மிகவும் அகலமாகத் தோன்றியது. தெருமுனைக்கு ஹாரன் அடித்தால் காட்பாடிக்குக் கேட்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "நீங்க பாத்தீங்க அண்ணா. நான் பாக்கல. என் கண்ணால பாத்துட்டு வர்றேன்."

ஒரு சனிக்கிழமை காலை தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஒரு நீளம், ஒரு குட்டை. அப்பா பாரத்தோடு ஆம்பூர் போகிறார், மாலைக்குள் திரும்புவார். அம்மா சபைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டார். "இவ எதுக்கு?" என்றார் மாமா என்னைக் காட்டி. "வீட்ல யாரு இருக்கா?" என்றார் அம்மா. மூவரும் ஆம்பூர் பஸ்ஸில் ஏறினோம். பள்ளிகொண்டா தாண்டி, மாதனூருக்குச் சற்று முன்னால் இறங்கினோம்.

டீக்கடை, தென்னங்கீற்றுக் கூரை போட்ட ஒரு கொட்டகை. பின்னால் நிலக்கடலைக் கொல்லை. அதில் ஒரு பம்ப்செட், சிமென்டுத் தொட்டி. கடைக்காரம்மா நல்ல உயரம், அகன்ற தோள். நரை விழத் தொடங்கியிருந்தது. நான் மனத்தில் வரைந்து வைத்திருந்த பெண் இவரில்லை. நாங்கள் உள்மூலை பெஞ்சில், தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மாமா துப்பறியத் தொடங்கினார்.

"இங்க லாரிக்காரங்க ஜாஸ்தி வருவாங்க போல?"

"வந்தாதானே அடுப்பு எரியும். பஸ்ஸுல வர்றவங்க உங்கள மாதிரி ஒரு டீயை வெச்சினு ஊர்க்கதை கேப்பாங்க." அந்த அம்மா கிளாஸைக் கழுவியபடி மாமாவின் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இன்னா, போலீஸா, இன்சூரன்ஸா?"

மாமா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அம்மா டீயைத் தொடவில்லை. "ஆறிப் போவுதும்மா" என்று கடைக்காரம்மா சொன்னதற்கு அம்மா தலையை மட்டும் அசைத்தார்.

லாரி வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன், அது அப்பாவின் வண்டி. அவர் இறங்கி, எங்கள் பக்கம் பார்க்காமல், ரோஜா நிற டப்பாவோடு பம்ப்செட்டுக்குப் போனார். தட்டியின் ஓட்டை வழியாகத் தெரிந்தது. தொட்டியில் நின்று, கழுத்தையும் கையையும் தோல் சிவக்கத் தேய்த்தார். துவட்டினார். தம்முடைய துண்டுதான்; அம்மா கரையில் எங்கள் வீட்டுக் குறி தைத்த துண்டு. அதை அம்மாவும் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு கடை முன்னால் வந்து நின்று, பிடரியைக் குனிந்து காட்டினார்.

"பாருக்கா."

கடைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் கழுத்தருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்தார். மாமா என் தோளை அழுத்திப் பிடித்தார். "பாத்தியா, பாத்தியா" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தார்.

"இன்னும் கீதுபா. காதுக்குப் பின்னாடி" என்றார் கடைக்காரம்மா, சந்தையில் கருவாட்டைத் திருப்பிப் பார்க்கிறவரின் குரலில். "போ, இன்னொரு தபா தேச்சினு வா. அந்த அத்தரை மட்டும் போட்டுக்காத, சொல்லிட்டேன். போன தபா கடையில ரெண்டு பேரு டீயை வெச்சிட்டு எழுந்து போய்ட்டாங்கோ."

"அவ்ளோவா அடிச்சுது?"

"உனுக்கு எங்க தெரியப் போவுது."

அப்பா திரும்பவும் பம்ப்செட்டுக்குப் போகத் திரும்பினார். அப்போது மாமா தட்டியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "இன்னா மாப்ள இது அசிங்கம்? குடும்பத்தை வெச்சினு, நடுரோட்டுல..."

அப்பா எங்களைப் பார்த்தார். அம்மாவை, என்னை, மறுபடி அம்மாவை. சோப்பு டப்பா கையிலிருந்து விழுந்தது.

"இன்னாய்யா அசிங்கம்?" என்று கடைக்காரம்மா முன்னால் வந்தார். "மனுசனுக்கு மூக்கு செத்துப் போய் மூணு நாலு மாசம் ஆவுது. பலகை இடிச்சதிலருந்து மல்லிப்பூவும் ஒன்னுதான், மாட்டுத் தோலும் ஒன்னுதான் அவருக்கு. வீட்ல பொண்டாட்டி டீச்சரு, பொண்ணு படிக்குது, வாடையோட போவக் கூடாதுன்னு வந்து நிக்கிறாரு. என் மூக்கு சும்மா தானே கீது, மோந்து சொல்றேன். இதுல உனுக்கு இன்னா பேஜாரு?"

"யக்கா, சும்மா இரு" என்றார் அப்பா, மிகத் தாழ்ந்த குரலில். அது வெளியே தெரிந்துவிட்டதுதான் அவருக்கு அவமானமாக இருந்தது. மழையில் நனைந்து உப்புக் கரைந்தால், பாரத்துக்குள் தோல் வெந்து அழுகிப் போகும். அதை மூக்கால் அறிந்து, வழியிலேயே வண்டியை நிறுத்தி உப்புத் தூவுகிற டிரைவருக்குத்தான் பச்சைத் தோல் லோடு தருவார்கள். ஆம்பூரில் அப்பாவை 'மூக்குக்காரர்' என்றே அழைத்தார்கள்.

அம்மா எழுந்து வந்தார். குடையை மறந்து பெஞ்சிலேயே விட்டுவிட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"லோடு போய்டும்னுதான்..."

"நான் போய் ஊர்ல சொல்லிடுவேனா?"

அப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "அது இல்ல டீச்சரம்மா. வாடை அடிக்குதான்னு கேட்டா நீ இல்லன்னுதான் சொல்லுவே. ஈஸ்டர் அன்னிக்கும் அதான் சொன்னே. இந்த அக்கா மூஞ்சிக்கு நேரா சொல்லும்." விழுந்த டப்பாவைக் குனிந்து எடுத்தார். "பாப்பா கூட ஓடி வந்து கட்டிக்கிது. ஒரு தபா மோந்துட்டு உள்ள ஓடிடுது. பாவம், எவ்ளோ நாத்தமோ, குழந்தையால தாங்க முடியலன்னு நெனச்சேன். அதான் பவுடரு, எண்ணெய், அந்த எழவு அத்தரு, எல்லாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் மோந்து பார்க்க அனுப்பப்பட்டவள் என்பதை அம்மா அன்று சொல்லவில்லை. அப்பா இருந்தவரை சொல்லவேயில்லை. அம்மா மோந்து பார்க்கச் சொன்னார்; நான் மோந்தேன்; அப்பா மேலும் தேய்த்தார்; அம்மா மேலும் சந்தேகப்பட்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நேசித்துக்கொண்டே அந்தச் செக்கைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

அம்மா அப்பாவின் அருகில் போனார். டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மிஷன் பள்ளி ஆசிரியை, வெள்ளைச் சேலையோடு, குதிகாலை உயர்த்தி, அவர் காதுக்குப் பின்னால் முகத்தை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"இருக்குதா?" என்றார் அப்பா.

"இருக்குது" என்றார் அம்மா. "வீட்டுக்கு வாங்க. அண்டாவுல தண்ணி இருக்குது."

அன்றுதான் அம்மா முதன்முதலாக லாரியில் ஏறினார். ஏறத் தெரியாமல் திண்டாடியபோது கடைக்காரம்மா கீழிருந்து தூக்கிவிட்டு, மறந்துபோன குடையையும் கொடுத்தார். மாமா ஏற மறுத்துவிட்டார். எதிர்ப்புறம் பஸ்ஸுக்காக நின்றவர், நாங்கள் கடந்தபோது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார், தூசுக்காகவும் இருக்கலாம். நான் காட்பாடிப் பள்ளிக்குப் போகவில்லை.

அம்மாவின் வற்புறுத்தலால் அப்பா அடுத்த வாரமே தோல் ஷாப் முதலாளியிடம் உண்மையைச் சொன்னார். முதலாளி பாய் சிரித்தாராம். "மூக்குதானே போச்சு, கை கால் இருக்குல்ல? பதப்படுத்துன தோலை மெட்ராஸுக்கு ஏத்தினு போ. அதுக்கு மூக்கு எதுக்கு?" அதன்பின் அப்பா பச்சைத் தோல் ஏற்றவில்லை. ஓய்வு பெறும்வரை பதப்படுத்திய தோலும் செருப்புப் பெட்டிகளும்தான். அவற்றில் அந்த வாடை கிடையாது. ஆனாலும் அவர் பக்கவாட்டுச் சந்து வழியாகவே வந்தார். அண்டாவில் தண்ணீர் காய்ந்தது. "இருக்குதா?" என்று அவர் கேட்பதும், "இருக்குது, குனிங்க" என்று அம்மா சொல்வதும் எனக்குத் திருமணமாகும்வரை கேட்டன. அம்மா உண்மை சொல்லமாட்டார் என்று அப்பா சொன்னது சரிதான். முன்பு இருந்ததை இல்லை என்றார். பின்பு இல்லாததை இருக்கிறது என்றார்.

சந்தேகம் முழுதாகத் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அது உருமாறிப் போனது. இன்னொரு பெண்ணின் உடம்பைப் பற்றிய சந்தேகத்தை ஒரு மாலைப்பொழுது துடைத்துவிட்டது. தனக்குச் சொல்லாத ஒன்றை அவளுக்குச் சொன்னாரே என்ற எண்ணத்தை ஒரு வாழ்நாள் துடைக்கவில்லை. அப்பா மாதனூர் வழியாக வந்த நாள்களில், "டீ குடிச்சாச்சா?" என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்வியின் அடியில் இருந்தது டீ அல்ல என்பதை மூவரும் அறிவோம். நானும் நிறையப் படித்தேன். மனித உறவுகளைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் படித்தேன். நேசிப்பவரிடம் கேட்க முடியாத கேள்வியை ஏன் வேறொருவரிடம் கேட்டுவிட முடிகிறது என்பதற்கு, அப்பா அன்று சொன்னதைவிடத் தெளிவான விடை எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. அந்த விடை அம்மாவுக்கு ஒருபோதும் போதவில்லை.

அப்பா போன மழைக்காலத்தில் இறந்தார். வீட்டில் பூக்கள் குவிந்திருந்தன. ஊதுவத்தி, சாம்பிராணி, ரோஜா. அவரால் கடைசிவரை எதையும் மோந்து பார்க்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மிக வயதான ஒரு பெண்மணியை அவருடைய பேரன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். அகன்ற தோள்களால்தான் அடையாளம் கண்டேன். மாலையைப் போட்டுவிட்டு, பழக்கத்தில், அப்பாவின் கழுத்தருகே குனிந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா நாற்காலியிலிருந்து கேட்டார். "இருக்குதா?"

அந்த அம்மா நிமிர்ந்தார். மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவர் அல்லவா? "இல்ல டீச்சரம்மா. ஒன்னும் இல்ல. சுத்தமா கீறாரு" என்றார்.

அதன்பிறகுதான் அம்மா அழுதார்.

மாமா எப்போதோ போய்விட்டார். சாலை அகலமானபோது டீக்கடையும் பம்ப்செட்டும் போயின. கித்தான் பை, ரோஜா நிற டப்பா, அண்டா எதுவும் இப்போது இல்லை. தோட்டப்பாளையத்து வீட்டில் அம்மா இருக்கிறார். அவரோடு நான் இருக்கிறேன்.